மாண்புமிகு அவர்களுக்கு: மூன்று கடிதங்களில் நான் கற்றது

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது கடிதம் எழுதக் கற்றுக்கொண்டோம். நண்பனுக்கு ஒன்று, தலைமையாசிரியருக்கு ஒன்று, குப்பை அள்ள வரவில்லை என்று நகராண்மைக் கழகத்துக்குப் புகார்க் கடிதம் ஒன்று. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே குப்பைக் கடிதத்தை மலாய்மொழியில் எழுதினோம். முகவரி எங்கே, கோடு எங்கே, முடிவில் ‘செக்கியான், தெரிமா காசே’ எங்கே என்பதெல்லாம் இன்றும் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பதினொரு ஆண்டுகளில் நான் எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட அஞ்சல்பெட்டியைப் பார்த்ததில்லை. எல்லாம் ஆசிரியரின் சிவப்பு மையோடு என்னிடமே திரும்பி வந்தன.

உண்மையான கடிதத்தை முதன்முதலில் பத்தொன்பது வயதில் எழுதினேன். 2022-ஆம் ஆண்டு, ஆறாம் படிவத்தில் இருந்தேன். எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். ஒருநாள் இரவு அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்லவேளையாகக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மருத்துவமனையில் அவருடைய அம்மா, “தவறுதலா நடந்துடுச்சு டாக்டர்” என்றே மூன்று முறை சொன்னார். காரணம், போலீஸ் பயம். அப்போது நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு நடப்பில் இருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அம்மா சொன்ன பொய் அக்காவைச் சட்டத்திடமிருந்து காப்பாற்றியது. அதே பொய், அவர் பார்த்திருக்கவேண்டிய மனநல மருத்துவரிடமிருந்தும் அவரைத் தள்ளி வைத்தது. உடலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்தச் சட்டம் பிரிட்டிஷார் 1860-இல் இந்தியாவுக்கு இயற்றிய தண்டனைச் சட்டத்தின் வழியாக இங்கே வந்தது. அவர்கள் தங்கள் நாட்டில் இதை 1961-லேயே நீக்கிவிட்டார்கள். இலங்கை 1998-இல் நீக்கியது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் இது குற்றமில்லை. நாமோ பத்திரமாக வைத்திருந்தோம்.

அவ்வாண்டு நவம்பர் 19-ஆம் நாள் பொதுத்தேர்தல். வாக்களிக்கும் வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டதால் எனக்கும் வாக்கு இருந்தது. விரலில் மை காய்வதற்குள் எனக்குப் பெரிய குடிமகள் என்ற நினைப்பு வந்துவிட்டது. எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் வருபவர். கடிதத்தில் சமுதாயச் சீர்கேடு முதல் கைத்தொலைபேசி மோகம் வரை எல்லாம் இருந்தது. ‘மனநல விழிப்புணர்வு ஓங்க ஆவன செய்யவேண்டும்’ என்று முடித்திருந்தேன். கட்டுரைப் போட்டிக்கு அனுப்பியிருந்தால் பரிசே கிடைத்திருக்கும்.

பதில் இல்லை. ஜனவரியில் சேவை மையத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த உதவியாளர் என் கடிதத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். “இத நீயே எடுத்துட்டுப் போயிரு தங்கச்சி. அந்தப் பொண்ணு பேரு, வீட்டு நம்பர் எல்லாம் எழுதியிருக்க. வேற யாராச்சும் பார்த்தா கேஸாயிரும்” என்றார். எனக்கு உடல் வேர்த்துவிட்டது. அக்காவுக்கு நீதி கேட்கிறேன் என்று, அவர் செய்தது குற்றமாக இருந்த நாளில், அவருக்கு எதிராகவே நான் எழுத்துவழிச் சாட்சி கொடுத்திருக்கிறேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. இன்றைக்கும் அந்த மேசையை நினைத்தால் கூசுகிறது. இந்தக் கட்டுரையைக்கூட அக்காவிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் பேரவையிடம் கொடுத்தேன்.

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். “சட்டத்த மாத்துறது எங்க பாஸ் கையில இல்லம்மா. அது கோலாலம்பூர்ல.” படிவம் ஐந்து வரலாற்றுப் பாடத்தில் நான் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த செய்தி அது. நம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி குற்றவியல் சட்டமும் மருத்துவமும் மத்திய அரசின் பட்டியலில் உள்ளவை. நிலமும் ஊராட்சி மன்றமும் மாநிலத்துடையவை. வீட்டுக்குப் பின்னால் சாக்கடை அடைத்தால் சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம். 309-ஆம் பிரிவுக்கு நாடாளுமன்ற உறுப்பினரிடம்தான் போகவேண்டும்.

அப்பிரிவை நீக்கும் மசோதா வரப்போகிறது என்று நாளிதழில் கண்டதும், 2023 ஏப்ரலில், இரண்டாம் கடிதத்தை எழுதினேன். இம்முறை ஒரே பக்கம், மலாயில். யாருடைய பெயரும் இல்லை. ‘நான் உங்கள் தொகுதி வாக்காளர். இந்தப் பிரிவினால் ஒரு குடும்பம் மருத்துவரிடம் பொய் சொன்னதைக் கண்டேன். மசோதாவை ஆதரித்து வாக்களியுங்கள்’ என்பதுதான் சாரம். இதற்கும் பதில் வரவில்லை. மே 22-ஆம் நாள் மக்களவையில் மசோதா நிறைவேறியது. அவ்வாண்டிலேயே சட்டமும் ஆனது. என் கடிதத்தால் மாறியது என்று சொன்னால் என்னைப் பார்த்து நானே சிரிக்கவேண்டும். பிஃபிரெண்டர்ஸ் போன்ற அமைப்புகளும் மனநல மருத்துவர்களும் பல ஆண்டுகள் குரல் கொடுத்த விஷயம் இது. அதே நாட்களில் மனநலச் சட்டமும் திருத்தப்பட்டது. இப்போது போலீசாரும் தீயணைப்புப் படையினரும் இத்தகையவரைக் கைது செய்வதற்காக அல்ல, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்காகவே வரவேண்டும். வீட்டில் யாருக்கேனும் அப்படியொரு நிலை என்றால் இனிமேல் பொய் சொல்லவேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் பிஃபிரெண்டர்சின் 03-7627 2929 எண்ணிலும் பேசலாம்.

முதல் கடிதம் ஏன் தோற்றது என்பது எனக்கு முழுதாக விளங்கியது பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான். முதலாம் ஆண்டு இடுபணிக்காக அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைப் பற்றிப் படித்தேன். 2018 பிப்ரவரி 14-ஆம் நாள் பார்க்லண்ட் நகர உயர்நிலைப்பள்ளியில் பதினேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பிய மாணவர்கள் ஒரு வாரத்துக்குள் பேருந்து ஏறினார்கள். வாஷிங்டனுக்கு அல்ல, மாநிலத் தலைநகரான டாலஹாசிக்கு. தங்கள் மாநிலத்தில் துப்பாக்கி வாங்கும் வயதை மாநிலச் சட்டமன்றமே உயர்த்தலாம் என்பதால் அந்தக் கதவைத் தட்டினார்கள். இருபத்து மூன்றாம் நாள் ஆளுநர் சட்டத்தில் கையெழுத்திட்டார். துப்பாக்கி வாங்க வயது 21. வாங்குவதற்கு முன் மூன்று நாள் காத்திருப்பு. தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற ஆணையுடன் துப்பாக்கியை எடுத்து வைக்கும் அதிகாரம். பள்ளிகளில் மனநலச் சேவைக்குப் பணம். கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. போர்முனைத் துப்பாக்கிகளைப் போன்றவற்றைத் தடைசெய்யக் கேட்டார்கள், அது நடக்கவில்லை. பள்ளிப் பணியாளர் சிலர் ஆயுதம் வைத்திருக்கவும் அதே சட்டம் வழிவிட்டது. பல மாணவர்கள் எதிர்த்த ஒன்று அது. நாடு முழுமைக்குமான சட்டத்துக்கு 2022 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் யுவால்டி நகரில் பத்தொன்பது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் சாகவேண்டியிருந்தது.

அந்த இடுபணியில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு புள்ளிவிவரம். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்பவர்கள். எனவே துப்பாக்கியும் மனநலமும் அங்கே ஒரே கடிதத்தில் வருவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘மனநோயாளிகள்தான் சுடுகிறார்கள்’ என்று எழுதும் கடிதம் அநியாயமானது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. நானும் முதல் கடிதத்தில் ‘மனநிலை பாதிக்கப்பட்டோரால் சமுதாயத்துக்கு ஏற்படும் ஆபத்து’ என்றொரு வரி எழுதியிருந்தேன். எதுகையும் மோனையும் பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை.

இனி மூன்றாம் கடிதம். சட்டம் மாறிய பிறகு அக்கா துணிந்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார். “கவுன்சலர் நல்லவங்கதாம்மா. ஆனா நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லணும், எனக்கு ‘டாடா செசாக்’னுதான் வந்துச்சு. ஆஸ்துமா இருக்கான்னு கேட்டாங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த தவணைக்குப் போகவில்லை. மலாயில் படித்துத் தேறிய நமக்கே, அழுகை வரும்போது எந்த மொழி வருகிறது என்று பாருங்கள். தேசிய உடல்நல ஆய்வின்படி 2023-இல் இந்நாட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் பெரியவர்களுக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு இந்த ‘டாடா செசாக்’ நேர்ந்திருக்கும்!

அக்காவின் அனுமதியோடு 2024-இல் நான் மலாயில் எழுதியதன் தமிழ் இது:

‘நான் தங்கள் தொகுதியின் பதிவுபெற்ற வாக்காளர், மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். எங்கள் வட்டாரக் கிளினிக்கில் மனநல ஆலோசனைக்கு வரும் சிலரால் தங்கள் துன்பத்தைத் தமிழில் மட்டுமே தெளிவாகச் சொல்ல முடிகிறது. மாதத்தில் இரண்டு நாள் தமிழ் பேசும் ஆலோசகரோ தாதியோ உடனிருக்க முடியுமா என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்தைத் தாங்கள் கேட்டுத் தெரிவிக்கவேண்டும். ஆறு வாரத்தில் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.’

அவ்வளவுதான். யார் எழுதுவது, என்ன குறை, அவர் செய்யக்கூடிய ஒரே ஒரு செயல் என்ன, எப்போது பதில். ‘ஆவன செய்க’ என்று எழுதினால் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது, செய்யவில்லை என்று நம்மாலும் கேட்க முடியாது. தொகுதி எது என்று தெரியாவிட்டால் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேர்தல் ஆணையத்தின் இணையப்பக்கத்தில் பார்க்கலாம். மற்ற தொகுதிக்காரர் கடிதத்துக்கு மரியாதையான பதில்தான் கிடைக்கும். வாக்காளரின் கடிதம் வாக்கோடு வருகிறது. அனுப்பிய நகல் ஒன்றைத் தேதியுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் போனது. நகலை இணைத்து மீண்டும் எழுதினேன். ஒன்பதாம் வாரம் உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து இரண்டு வரி, மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று. மேலும் இரண்டு மாதம் கழித்து மாவட்ட அலுவலகத்தின் கடிதம் வந்தது. தமிழ் பேசும் ஆலோசகருக்குத் தனிப் பணியிடம் இல்லை, ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் தமிழ் பேசும் தாதி ஒருவர் உடன் அமர்வார் என்று இருந்தது. அக்கா போய்வந்தார். இரண்டாம் முறையும் போனார்.

முகப்பிடத்தில் இதைப் பற்றி ஓர் அறிவிப்பும் இல்லை. கேட்டால்தான் சொல்கிறார்கள், கேட்கலாம் என்று தெரிந்தவர் எங்கள் அடுக்குமாடியில் இருவரே. அறிவிப்பைத் தமிழில் ஒட்டும்படி கேட்டு நான்காம் கடிதத்தைப் போன வாரம் அனுப்பினேன். ஒட்டவேண்டிய வாசகத்தையும் எழுதி, தாளில் அச்சடித்து இணைத்திருக்கிறேன்.