குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணும் பானகம் பட்ட விரலும்

மாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்று முதல் 28 நாள்கள் மாரியம்மனே பக்தர்களின் நலனுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதிகம். அந்நாள்களில் அம்மனுக்குத் துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர் போன்றவையே படைக்கப்படுகின்றன. கொள்ளிடத்தைக் கடந்து நடந்து வரும் அடியார்களுக்காகச் சாலையோரங்களில் தண்ணீர்ப்பந்தல்கள் எழுகின்றன. வீட்டில் வைத்திருக்கும் சர்க்கரைச் சோதனைக் கருவியைப் பற்றிய இப்பாடத்தை நாங்கள் அத்தகைய பந்தல் ஒன்றிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் அங்கு மாலை முழுவதும் பானகம் வழங்கினார். நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். நாள்தோறும் இன்சுலின் செலுத்திக்கொள்பவர். வெல்லம் கரைத்த அந்நீரில் ஒரு மிடறும் அவர் அருந்தவில்லை. வீடு திரும்பியதும் மகன் வழக்கம்போல் தாயின் விரலில் குத்திச் சோதித்தார். கருவி 347 என்று காட்டியது. “பானகம் குடிச்சீங்களாம்மா?” என்று கேட்டார். “வாயிலேயே வைக்கலப்பா” என்றார் தாய். வீட்டில் எவரும் அதை நம்பவில்லை. மகன் வழக்கமான அளவைவிடக் கூடுதலாக இன்சுலின் செலுத்தினார். பின்னிரவில் அம்மையாரின் உடல் வியர்வையில் நனைந்திருந்தது, பேச்சு குழறியது, எதிரே நின்ற மகனையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கள் அவசரப் பிரிவுக்கு அவர் கொண்டுவரப்பட்டபோது இரத்தச் சர்க்கரை 38. அதாவது, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 38 மில்லிகிராம். 70-க்குக் கீழே இறங்கினாலே கவனிக்க வேண்டிய நிலை அது.

நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியபின் அவர் தெளிவடைந்தார். காலையில் மகன் கருவியை மேசைமேல் வைத்து, “இந்த மெஷின் பொய் சொல்லிடுச்சு டாக்டர், தூக்கிப் போட்டுடறேன்” என்றார். அவர் கண்முன்னே தாயின் கையைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து, அதே கருவியில் சோதித்தோம். அதே வேளையில் ஆய்வகத்துக்கும் இரத்தம் எடுத்தோம். கருவி 162 என்றது, ஆய்வகம் 151 என்றது. கருவியில் குறையில்லை. முன்னாள் இரவு அது இரத்தத்தோடு விரலில் ஒட்டியிருந்த வெல்லத்தையும் சேர்த்து அளந்திருந்தது.

விரலில் ஒட்டிய சிறு பிசுக்கு இவ்வளவு செய்யுமா என்று அவர் கேட்டார். கணக்கு எளியது. இன்றைய ஸ்ட்ரிப்புகள் உறிஞ்சும் இரத்தம் பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு. சர்க்கரை அளவு 100 உள்ள ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ், ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான். அதே அளவு குளுக்கோஸ் தோலிலிருந்து கலந்துவிட்டால் 100 என்பது 200 ஆகிவிடும். வெல்லத்திலும் வாழைப்பழத்திலும் குளுக்கோஸ் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பழம் உரித்த விரலை ஆல்கஹால் பஞ்சால் துடைத்த பின்னரும் அளவு மிகையாகவே வந்தது. குழாய் நீரில் கழுவியபின் சரியாக வந்தது. ஆகவே பஞ்சு போதாது, தண்ணீர் வேண்டும். கழுவிய விரலை நன்கு உலர்த்துவதும் வேண்டும்; ஈரம் இரத்தத்தை நீர்க்கச் செய்து எண்ணைக் குறைத்துக் காட்டும்.

எண் உடம்போடு ஒத்துவரவில்லையெனில், மருந்தைத் தொடுமுன் கை கழுவி மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். நோயாளி சொல்வதையும் கேளுங்கள். இன்சுலின் அளவை மருத்துவர் வகுத்துத் தந்த முறைக்கு அப்பால் கூட்ட வேண்டாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை தோன்றிச் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால், விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். விரதத்தில் இருந்தாலும் அப்போது விரதத்தை முடித்துவிட வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

இனி, எங்களிடம் அடிக்கடி வரும் முறையீடு ஒன்று. “வீட்டுல 180, லேப்ல 165. எதை நம்புறது?” இரண்டையும் நம்பலாம். 2013-இல் திருத்தப்பட்ட பன்னாட்டுத் தர விதிப்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் கருவி ஏற்கத்தக்கது. ஆய்வகத்தில் 200 என்றால் வீட்டில் 170 வரலாம், 230-உம் வரலாம். உணவுக்குப் பின் விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை, நரம்பில் எடுத்த இரத்தத்தைவிடச் சற்று மிகுந்திருப்பதும் இயல்பே. இடக்கை விரலில் ஒன்று, வலக்கை விரலில் ஒன்று என்று ஐந்து நிமிடத்தில் நான்கு ஸ்ட்ரிப்புகளைச் செலவிட்டு மனம் நொந்து வருவோரை நாங்கள் அறிவோம். ஸ்ட்ரிப்பின் விலையை எண்ணினால் நோயைவிட அதுவே இரத்தக் கொதிப்பைக் கூட்டும்.

அந்த ஸ்ட்ரிப்பில் தடவியிருப்பது ஒரு நொதி. வெப்பமும் ஈரக்காற்றும் அதைக் கெடுக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் 30 பாகை செல்சியஸுக்குள் வைக்கச் சொல்கின்றன. திருச்சியின் சித்திரை வெயிலோ 40-ஐத் தொடும். நிறுத்திய காருக்குள்ளும், பாதயாத்திரைப் பையின் வெளி அறையிலும் வைத்த குப்பி பாழாகும். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம், அங்கே ஈரம் படியும். குப்பியிலிருந்து ஒன்றை எடுத்ததும் மூடியை உடனே அழுத்தி மூடுங்கள்.

புதுக் கருவி வந்த வீட்டின் உற்சாகம் எங்களுக்குப் புரிகிறது. வெளிநாட்டு மகள் அனுப்பியதென்றால் மாமாவுக்கு ஒன்று, எதிர்வீட்டு அத்தைக்கு ஒன்று, சும்மா வந்த பால்காரருக்கும் ஒன்று என்று தெருவே சோதித்துக்கொள்கிறது. ஊசி மட்டும் ஒன்றே! கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள்களேனும் உயிர்த்திருக்க வல்லது. ஊசியை மாற்றினாலும், அதைச் செருகும் பேனாவில் இரத்தம் ஒட்டியிருக்கலாம். ஆகவே ஊசியும் பேனாவும் ஒருவருக்கு மட்டுமே உரியவை.

தோலைத் துளைக்காமலே சர்க்கரையைச் சொல்வதாக விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். அவற்றை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. எங்கள் கருத்தும் அதுவே.

குறைகளை மட்டுமே அடுக்கினால் நன்றிகெட்டவர்கள் ஆவோம். அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், தாமே சர்க்கரை நோயாளி, 1969-இல் இத்தகைய கருவியொன்றைப் பெற விரும்பினார். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அக்கருவி அப்போது மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது. அவர் மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். நாளுக்குப் பலமுறை சோதித்துத் தம் உணவையும் இன்சுலினையும் சீர்செய்துகொண்டார். பின்னர் தாமும் மருத்துவப் படிப்பில் சேர்ந்து மருத்துவரானார். அன்று அவருக்கே அரிதாயிருந்தது இன்று சமயபுரம் கடைவீதி மருந்துக்கடையில் கிடைக்கிறது.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது கருவியையும் ஸ்ட்ரிப் குப்பியையும் உடன் எடுத்து வாருங்கள். பேட்டரி மாற்றியபின் கருவியின் தேதியும் நேரமும் பின்னோக்கிப் போயிருக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். நள்ளிரவு மூன்று மணிக்கு உணவுக்குப் பின் சோதித்ததாகக் காட்டும் கருவிகளைக் கண்டு நாங்கள் பலமுறை திகைத்திருக்கிறோம். எண்களைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் குறித்துவைத்தாலும் போதும். உணவுக்கு முன்பா பின்பா என்பதையும், அன்று விரதமா என்பதையும் பக்கத்தில் ஒரு சொல்லாக எழுதுங்கள்.