கமிட்டுக்குப் பின்: பலரீனா மொழியின் மாற்றங்கள்

பொரளையிலே வங்கிக் கணக்குடைய ஒருவர் வெள்ளவத்தையிலுள்ள தம் தமையனாருக்குப் பணம் அனுப்புகிறார் என்க. ஒரு கணக்கிற் கழிவதும் மற்றதிற் சேர்வதும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். ஒன்று தவறின் இரண்டும் நடவாதனவாகவே கொள்ளப்படும். இத்தகைய பிரியாத் தொகுதியைக் கணினியாளர் ட்ரான்சாக்ஷன் என்பர். பணம் சேர்ந்ததெனத் தொலைபேசிக்குச் செல்லும் செய்தியோ அனுப்பியபின் மீட்க இயலாதது. ஆதலின் தொகுதி உறுதியான பின்னரே அது புறப்படல் வேண்டும். அதற்கென முன்கூட்டியே குறித்துவைக்கும் செயற்கூறு கோல்பக் எனப்படும்.

கொழும்பிலே பெரும் பணிமனையுடைய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தார் ஆக்கிய பலரீனா என்னும் நிரல்மொழி இதனைக் கற்பதற்கு நல்ல சான்றாகும். 2018 ஆம் ஆண்டுப் பதிப்புகளில் தொகுதியின் தலைப்பிலேயே ஒன்கமிட், ஒன்எபோட் எனக் கோல்பக்குகள் குறிக்கப்பட்டன. 2019 இல் வந்த 1.0 பதிப்பு தொகுதியின் வாலிலே கமிட்டட், எபோட்டட் என்னும் பகுதிகளை வைத்தது. 2022 இல் வெளிவந்த ஸ்வான் லேக்கில் அவையும் போயின. நான்காண்டுக்குள் மூன்று கோலம்! இளைய மொழிக்கு இஃது இயல்பே. ஆயினும் பழைய நிரலைப் பேணுவோர் பெருமூச்செறிவது குற்றமாகாது.

முன்னர்த் தொகுதியின் இறுதியை எட்டியதும் கமிட் தானே நிகழ்ந்தது. ஸ்வான் லேக்கிலோ கமிட் என வெளிப்படையாக எழுதல் வேண்டும். அது பிழையைத் திருப்பித் தரவுங் கூடும்; சோதியாது விடலாகாது. கோல்பக்குகளை நூலகத்துச் செயற்கூறுகளாகிய ஒன்கமிட், ஒன்ரோல்பக் என்பவற்றால் தொகுதிக்குள்ளேயே, கமிட்டுக்கு முன்னர்ப் பதிவு செய்கிறோம். பதிவு முன்னே, நிகழ்வு பின்னே. வாலில் இருந்ததை வாலிலேயே ஒட்ட முயல்வோர் இடறுவது இங்கேதான்.

மாணவர் ஊன்றி நோக்கவேண்டியது இன்னொன்று. பழைய எபோட்டட் பகுதி, மீள்முயற்சிகள் யாவும் தீர்ந்தபின் இயங்கியது. இடைத்தோல்விகளுக்கு ஒன்றீட்ரை எனத் தனிப்பகுதி இருந்தது. புதிய ஒன்ரோல்பக் செயற்கூறோ ஒவ்வொரு பின்வாங்கலிலும் அழைக்கப்படும். அதற்கு, பின்வாங்கற் காரணத்தோடு, மீண்டும் முயலப்படுமா என்பதும் ஆம், இல்லை என்னும் மதிப்பாகத் தரப்படுகிறது. அம்மதிப்பை நோக்காது பழைய நிரலை அப்படியே பெயர்த்து வைத்தால், மூன்றாம் முயற்சியிற் பணம் செவ்வனே சேர்ந்த ஒருவருக்கு, அதற்கு முன் "பணம் சேரவில்லை" என இரு செய்திகள் சென்றிருக்கும். அவர் பதறி மீண்டும் பணம் அனுப்பினால் யாது செய்வது? கணக்கேட்டிலே பிழை ஏதும் தோன்றாது. நிரலும் முறைப்படி இயங்கியதாகவே காட்டும்.

ஆதலின் பதிப்பு மாற்றும்போது வெற்றி வழியை மட்டும் பரீட்சித்தல் போதாது. முதலிரு முயற்சிகளும் வேண்டுமென்றே தோற்குமாறு அமைத்து, எத்தனை செய்திகள் புறப்பட்டன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வெண்ணிக்கை ஒன்றாயின், அதுவும் வெற்றிச் செய்தியாயின், பழைய பகுதிகளைத் துணிந்து நீக்கலாம்.