மழைக்காலப் பாடம்: போனில் வந்த செய்தி கடைசிக் காம்பரா வரைக்கும்



இப்பொழுது லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி வந்துவிட்டது. பாட்டுக் கேட்கிறோம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுகிறோம். அதே போன் நம் உயிரையும் காக்கும். எப்படி என்று பார்ப்போம்.

2016 மே 17ஆம் திகதியைக் கேகாலை மாவட்டம் மறக்காது. அடைமழையில் அரநாயக்க சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயத்தின் மேலும் மண் விழுந்து உயிர்கள் போயின.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைப் பிரதேசங்களில் தானாக இயங்கும் மழைமானிகளை வைத்திருக்கிறது. பெய்த மழையின் அளவு அங்கிருந்து கணினிக்குப் போகும். அதைப் பார்த்து மூன்று கட்டமாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறார்கள்.

மஞ்சள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை. அவதானமாக இருங்கள்.
செம்மஞ்சள்: 100 மில்லிமீட்டர். வெளியேறத் தயாராகுங்கள்.
சிவப்பு: 150 மில்லிமீட்டர், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75. உடனே வெளியேறுங்கள்.

எச்சரிக்கை வருகிறது. ஆனால் லயத்துக்கு வருகிறதா? ஒரு மழை ராத்திரி எங்கள் போனுக்குச் செய்தி வந்தது. மேல் லயத்துக்குச் சொல்ல ஒவ்வொரு இலக்கமாக அடித்தோம். ஒன்றில் சார்ஜ் இல்லை, ஒன்றுக்கு சிக்னல் இல்லை. கடைசியில் டோர்ச் லைட்டோடு நடந்துதான் போனோம். நல்லகாலம், அன்று மண் சரியவில்லை. தப்பு எங்களுடையதுதான். முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்து வைக்கவில்லை.

புதுச்சேரியில் நல்லவாடு என்று ஒரு மீனவக் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கணினியும் ஒலிபெருக்கியும் வைத்து ஒரு அறிவு நிலையம் நடத்தியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்டு வீட்டுக்கு போன் போட்டார். ஊரார் அதை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3600 பேர் தப்பினார்கள். போன் ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. ஒலிபெருக்கிதான் ஊருக்கே கொண்டு போனது.

நம் தோட்டத்திலும் கோயிலில் ஒலிபெருக்கி உண்டு. தப்பும் உண்டு. ஆகவே இந்த மாதமே செய்ய வேண்டியவை:

1. லயத்துக்கு இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். மழை நாளில் அவர்கள் போன் ராத்திரியும் திறந்திருக்கட்டும்.
2. செய்தி சிங்களத்தில் வந்தால் வாசித்துச் சொல்லப் படித்த பிள்ளை ஒருவரை வையுங்கள்.
3. செய்தி மெய்யா என்று சந்தேகமா? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். வதந்தி அனுப்பாதீர்கள்.
4. அடியும் வாயும் ஒரே அகலமான பால்மா டின்னை வெட்டவெளியில் வையுங்கள். தேங்கும் தண்ணீரை அடிமட்டத்தால் அளந்தால் மழையின் அளவு தெரியும்.
5. எங்கே போவது, வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் யார் கூட்டிப் போவது என்று இப்பொழுதே பேசி வையுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகிப்போய்த் திறக்காத கதவு, இவற்றைக் கண்டால் போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சாமான் சட்டியை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். சாமானை நாளைக்கும் தேடிக்கொள்ளலாம்.