வெறுமையாத் தெரியிற லேன்



இந்தக் கிழமை எபிசோட் கேட்டவர்களுக்குத் தெரியும், கடைசி இருபது நிமிசமும் ஒரே சண்டை. நெரிசல் பிடித்த ஸ்காபரோவுக்கு பி.ஆர்.ரி, அதாவது பஸ்ஸுக்கென்றே ஒதுக்கிய வேகப்பாதை, சரிவருமா என்பதுதான் கேள்வி. என்னோடு நிகழ்ச்சி செய்கிறவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "சப்வே தாறம் எண்டு சொல்லிப்போட்டு றோட்டில சிவப்பு பெயின்ற் அடிச்சுத் தந்திருக்கினம்." நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மைக்கில் கணக்குச் சொன்னால் கேட்கிற ஆளுக்கு நித்திரை வந்துவிடும். அதனால் கணக்கை இங்கே எழுதுகிறேன். கிரேட் 9 மாத்ஸ் காணும்.

முதலில் நடந்தது என்ன என்று சுருக்கமாக. 2023 யூலை 24 மாலை, லைன் 3 ரெயினின் கடைசிப் பெட்டி எல்ஸ்மியர் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தை விட்டு விலகியது. ஐந்து பேருக்குக் காயம். அந்த 6.4 கிலோமீற்றர் பாதை 1985இல் திறந்தது. எப்படியும் அந்த வருட நவம்பரில் மூட இருந்தார்கள். ஓகஸ்டில், இனித் திறக்கப்போவதில்லை என்று ரி.ரி.சி. அறிவித்தது. அதற்குப் பிறகு ஸ்காபரோ சென்ரருக்கும் கென்னடிக்கும் இடையில் பஸ்தான். எல்ஸ்மியர், மிட்லாண்ட், கென்னடி றோட்டுகளில் நீங்கள் பார்க்கிற சிவப்பு லேன் வந்தது இதனால்தான்.

என் அம்மா அந்த ரெயினில் வேலைக்குப் போனவ. இப்போது பஸ். வேலை காலை 7 மணிக்கு. ஐந்து நிமிசம் பிந்தினால் கால் மணித்தியாலச் சம்பளம் வெட்டுகிற இடம், பெயர் வேண்டாம். பயணம் சராசரியாக 50 நிமிசம். ஆனால் அம்மா வீட்டை விட்டு வெளிக்கிடுவது 5.40க்கு. "ஏனம்மா இவ்வளவு வெள்ளன?" என்று கேட்டேன். "பஸ் எப்ப வரும் எண்டு எனக்கென்ன தெரியும்?" என்றா. அந்த 80இல் 30 நிமிசம் பயணமே இல்லை, அது இன்சூரன்ஸ். ஓன்லைன் கேம் விளையாடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். பிங் கொஞ்சம் கூட என்றால் சமாளிக்கலாம், பிங் ஏறி இறங்கினால் சமாளிக்க முடியாது. அம்மாவின் பிரச்சினை வேகம் அல்ல, நம்பமுடியாமை.

சரி, கணக்குக்கு வருவம். எங்கள் மாமா மிட்லாண்டில் தினமும் காரில் போறவர். அவருடைய முறைப்பாடு: "லேன் சும்மா கிடக்குது, நான் நடுவில நிண்டு காயிறன்." மாமா பொய் சொல்லவில்லை. அந்த லேன் உண்மையாகவே வெறுமையாகத்தான் தெரியும்.

ஒரு லேனில் மணித்தியாலம் முழுக்கப் பச்சை லைற் எரிந்தால் ஏறத்தாழ 1,900 கார் போகலாம். இது போக்குவரத்து எஞ்சினியர்கள் வழக்கமாக எடுக்கிற எண். ஆனால் சந்தியில் குறுக்கு றோட்டுக்கும் பச்சை கொடுக்கவேணும். எங்களுக்கு 45 சதவீத நேரம் கிடைத்தால் 850 கார். வேலை நேரத்தில் ஒரு காரில் சராசரி 1.2 ஆள் என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1,000 பேர். ஒரு முழு லேன் நிறையக் கார், 1,000 பேர்.

இப்ப பஸ். சாதாரண 12 மீற்றர் பஸ்ஸில் நெரிசல் நேரத்தில் 50 பேர். 1,000 பேருக்கு 20 பஸ் போதும். அதாவது மூன்று நிமிசத்துக்கு ஒன்று. அந்த பஸ் 30 கி.மீ. வேகத்தில் போனால், ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையில் ஒன்றரைக் கிலோமீற்றர் வெறும் றோட். மாமா பார்க்கிறது அந்த ஒன்றரைக் கிலோமீற்றரைத்தான். லேன் அவருடைய லேன் அளவு ஆட்களைக் கொண்டுபோகிறது, ஆனால் பார்த்தால் சும்மா கிடக்கிற மாதிரி இருக்கும். ஒன்றரை நிமிசத்துக்கு ஒன்று விட்டால் இரண்டு மடங்கு ஆட்கள், அப்பவும் வெறுமையாகத்தான் தெரியும்.

இதைத் திருப்பியும் வாசிக்கலாம். 15 நிமிசத்துக்கு ஒரு பஸ் ஓடுகிற றோட்டில் ஒரு லேனைப் பறித்தால், மாமா சொல்வதுதான் நியாயம். மணித்தியாலத்துக்கு நாலு பஸ், 200 பேர். லேன் முதலா பஸ் முதலா என்று கேட்டால் என் பதில் பஸ்.

இரண்டாவது கணக்கு எனக்கு இதைவிட முக்கியம். ஒரு பஸ் சிக்னலில் கொஞ்சம் பிந்துகிறது என்று வைப்பம். அடுத்த தரிப்பில் அதற்காகக் காத்து நிற்கிற ஆட்கள் கூடிவிடுவார்கள். ஏற்றுவதற்கு நேரம் கூடும், இன்னும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற்ற ஆளே இல்லை, அது ஓடிவந்து முன்னதைப் பிடித்துவிடும். நீங்கள் எல்லாரும் பார்த்த காட்சிதான்: அரைமணி நேரம் ஒன்றும் இல்லை, பிறகு இரண்டு சேர்ந்து வரும். டிரைவரில் பிழை இல்லை. சின்னப் பிந்தல் தன்னைத் தானே பெருப்பிக்கிறது.

இதுக்கு என்ன விலை? 20 நிமிசத்தில் இரண்டு பஸ். 10, 10 என்று சமமாக வந்தால் சராசரி காத்திருப்பு 5 நிமிசம். அதே இரண்டு பஸ் 18, 2 என்று வந்தால்? பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிச இடைவெளியில்தான் தரிப்புக்கு வருவார்கள், அவர்கள் சராசரியாக 9 நிமிசம் நிற்பார்கள். மற்ற ஆள் 1 நிமிசம். கூட்டிப் பார்த்தால் 8.2 நிமிசம். அதே பஸ், அதே டிரைவர், அதே டீசல். அட்டவணையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பி.ஆர்.ரி. வாங்கித் தருவது இந்தச் சமமான இடைவெளியைத்தான். வேகம் கிடைத்தால் அது மேலதிகம்.

அப்ப சிவப்பு பெயின்ற் போதுமா? போதாது. இந்த இடத்தில் நண்பன் பாதி சரி. 2020 ஒக்ரோபரில் எக்ளின்ரன் ஈஸ்ற், கிங்ஸ்ரன் றோட், மோர்ணிங்சைட் வழியாக 8.5 கிலோமீற்றருக்கு பஸ் லேன் வந்தது. நல்ல வேலை, விரைவாகச் செய்தார்கள். ஆனால் அது ஓரத்து லேன். வலது பக்கம் திரும்புகிற ஒவ்வொரு காரும் அதற்குள் வரவேணும். ஸ்காபரோவில் ஓரம் என்றால் பிளாசா, பிளாசா என்றால் வாசல். நாங்கள் கொத்துரொட்டி வாங்கத் திரும்புகிற ஒவ்வொரு முறையும் ஒரு பஸ்ஸுக்கு முன்னால்தான் பிரேக் போடுகிறோம். (நானும்தான்.) யோர்க் பக்கம் ஹைவே 7இல் வீவா பஸ்ஸுக்கு நடு லேன் கொடுத்தது இந்தக் கரைச்சலைத் தவிர்க்கத்தான். பதிலுக்கு, பஸ் பிடிக்க நீங்கள் பாதி றோட்டைக் கடக்கவேணும்.

ஸ்காபரோவில் இதைவிட நல்ல இடம் ஒன்று ஏற்கனவே இருக்கிறது: பழைய லைன் 3 ஓடின நிலம். கென்னடியிலிருந்து எல்ஸ்மியர் வரை ஏறத்தாழ 4 கிலோமீற்றர், கோ ரெயின் பாதைக்குப் பக்கத்தில். சிக்னல் சந்தி இல்லை, பிளாசா வாசல் இல்லை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அதை பஸ் பாதையாக மாற்றுகிற திட்டம்தான் நடக்கிறது. இதை "பெயின்ற்" என்று சொல்லமாட்டேன். மேலே சொன்ன 18, 2 நோய்க்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

அதுக்காக பி.ஆர்.ரி. எல்லா இடத்துக்கும் சரி என்று நான் சொல்லவில்லை. ஒட்டாவாவைப் பாருங்கள். 1983இலிருந்து அங்கே பஸ்ஸுக்கென்றே தனிப் பாதை கட்டினார்கள், சனம் நிறைய ஏறியது. ஆனால் நகர மையத்தில் தனிப் பாதை இல்லை. அல்பேர்ட், ஸ்லேற்றர் என்ற இரண்டு தெருக்களில் பெயின்ற் லேன்தான். நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 10,000 பேர் போகிற அளவுக்கு வந்தபோது, பஸ்ஸுக்குப் பின்னால் பஸ்ஸாக வரிசை நின்றது. கடைசியில் சுரங்கம் தோண்டி 2019இல் ரெயின் விட்டார்கள். (அந்த ரெயின் பட்ட பாட்டுக்குத் தனி எபிசோட் வேணும்.) பொகோற்றாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ 40,000ஐயும் தாண்டுகிறது. ஏனென்றால் அங்கே ஒரு திசைக்கு இரண்டு பஸ் லேன், நிற்கிற பஸ்ஸை மற்றது முந்தலாம். எல்ஸ்மியரில் அந்த அகலம் எங்கே?

டெல்லியில் நடந்தது வேறு கதை. 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீற்றர் பஸ் பாதை திறந்தார்கள். சந்திகளில் சிக்னல் சுற்று நீண்டு கார் வரிசை வளர்ந்தது. பக்கத்தில் வெறுமையாக ஒரு லேன். எங்கள் மாமாவின் முறைப்பாடு ஆயிரக்கணக்கில் எழுந்தது. 2012இல் வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அந்தப் பாதையை மூடச் சொல்லவில்லை. ஆனாலும் 2015இல் அரசு அகற்ற முடிவெடுத்து, அடுத்த வருடம் இடித்துவிட்டது. கோட்டில் வென்ற பாதை றோட்டில் தோற்றது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களின் குரல் காருக்குள் இருந்தவர்களின் குரல் அளவுக்குக் கேட்கவில்லை.

நண்பனின் மற்றப் பாதிக்கும் பதில் சொல்லவேணும், ஏனென்றால் அவனுடைய கோபம் நியாயமானது. 2007இல் மேயர் டேவிட் மில்லர் காலத்தில் எல்.ஆர்.ரி. திட்டம். 2010 டிசம்பரில் றொப் ஃபோர்ட் பதவிக்கு வந்த முதல் நாளே அது முடிந்தது என்றார். 2013இல் நகரசபை ஏழு ஸ்ரேசன் எல்.ஆர்.ரி.யை விட்டுவிட்டு சப்வேக்கு வாக்களித்தது. 2016இல் அந்த சப்வே ஒரே ஒரு ஸ்ரேசனாகச் சுருங்கியது. 2019இல் மாகாணம் திரும்ப மூன்றாக்கியது. இப்போது 7.8 கிலோமீற்றர் தோண்டுகிறார்கள். 2007இல் பிறந்த பிள்ளை வாக்குப்போடுகிற வயசுக்கு வந்துவிட்டது. அவ்வளவு நேரம் ஏமாந்த சனத்திடம் "பஸ்ஸே போதும்" என்று சொல்ல எனக்கும் வாய் வராது.

நான் சொல்வது வேறு. சப்வே வந்தாலும் ஸ்ரேசன் மூன்றுதான். மால்வேர்னில் இருக்கிறவர், மோர்ணிங்சைட்டில் இருக்கிறவர், சப்வேக்குப் போறதுக்கே பஸ் வேணும். ஸ்காபரோ சென்ரரிலிருந்து எல்ஸ்மியர், கிங்ஸ்ரன் றோட் வழியாக ஒஷாவா வரை 36 கிலோமீற்றருக்கு ஒரு பி.ஆர்.ரி. திட்டம் இருக்கிறது. அதைப் பற்றிப் பொதுக்கூட்டம் வைக்கும்போது காரில் வந்தவர்கள் பேசுவார்கள். அந்த நேரத்தில் என் அம்மா பஸ்ஸுக்குள் நிற்பா.

எபிசோட் முடிந்த பிறகு மாமாவுக்கு இந்தக் கணக்கைக் காட்டினேன். "எண்ணிப்போட்டு வா, பிறகு கதைப்பம்" என்றார். சரியான கேள்வி. அதனால் உங்களுக்கும் வீட்டு வேலை: நெரிசல் நேரத்தில் உங்கள் தரிப்பில் ஒரு மணித்தியாலம் நில்லுங்கள். ஒவ்வொரு பஸ்ஸும் வந்த நேரத்தை எழுதுங்கள். ஒவ்வொரு இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதை இடைவெளிகளின் மொத்தத்தின் இரண்டு மடங்கால் பிரியுங்கள். வருவதுதான் உங்கள் உண்மையான சராசரி காத்திருப்பு. 18, 2ஐப் போட்டுப் பாருங்கள்: 324உம் 4உம் 328, அதை 40ஆல் பிரித்தால் 8.2. பக்கத்து லேனில் போகிற கார்களையும், அதற்குள் இருக்கிற தலைகளையும் எண்ண ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் திங்கட்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு மிட்லாண்டுக்குப் போறன். கார் எண்ணுறது அவர்.