கயிறு இரண்டு, முளை ஒன்றா?
இந்த மாதப் பாடம்: வீட்டு வியாபாரத்துக்கு நிற்காத நெட்



நம் உறுப்பினர்கள் பலர் இப்போது வீட்டிலிருந்தபடியே வியாபாரம் செய்கிறோம். நெகமம் சேலை, கோரா காட்டன், செக்கு எண்ணெய், மசாலாப் பொடி என்று வாட்ஸ்அப்பில் படம் போடுகிறோம். ஆர்டர் வருகிறது, போனிலேயே பணம் வருகிறது, கூரியரில் சரக்கு போகிறது. கடை வாடகை இல்லை. ஆனால் நெட் போய்விட்டால் அன்றைக்குக் கடையைப் பூட்டின மாதிரிதான்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அக்கா சேலை விற்கிறார். ஒருமுறை நெட் போய் நஷ்டப்பட்டதால், இன்னொரு கம்பெனி ஃபைபர் லைனையும் போட்டார். மாதம் இரண்டு வாடகை. ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள் கணவாய்க் காற்று பலமாக அடித்து, தென்னை மட்டை விழுந்தது. இரண்டு லைனும் சேர்ந்தே போச்சு! முன்பணம் கட்டிய ஒருவர், பதில் வராததால் "ஏமாத்திட்டாங்க" என்று குரூப்பில் எழுதிவிட்டார். "காசு போனாக்கூடப் பரவால்லீங்க, பேரு போச்சேங்க" என்று அந்த அக்கா அழுதுவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கம்பெனி இரண்டு, ஆனால் இரண்டு கேபிளும் வந்தது ஒரே கம்பத்தில். மாட்டுக்கு இரண்டு கயிறு போட்டு ஒரே முளையில் கட்டினால் என்ன ஆகும்? முளை பிடுங்கிக்கொண்டால் மாடு போனதுதான்.

இது நமக்கு மட்டும் நடப்பதல்ல. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலுக்கடியில் இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்தன. இந்தியாவில் இணையம் பெரிதும் பாதிக்கப்பட்டது. இரண்டு கேபிளும் பக்கத்துப் பக்கத்தில் போனவை. கிழக்கே சிங்கப்பூர் பக்கமும் வழி வைத்திருந்தவர்கள் அந்தப் பக்கம் திருப்பிச் சமாளித்தார்கள்.

ஆகவே "எத்தனை இணைப்பு?" என்று கேட்பதைவிட, "இரண்டும் சேர்ந்து போக வாய்ப்பு உண்டா?" என்று கேட்க வேண்டும். மூன்று விஷயத்தைப் பார்ப்போம்.

1. வழி
முதல் இணைப்பு கம்பி வழி வந்தால், இரண்டாவது டவர் வழி வரட்டும். அதாவது வீட்டில் ஃபைபர், போனில் சிம். ஃபைபர் போனதும் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலையைத் தொடரலாம். ஃபைபர் வராத ஊரில், ஒரே போனில் வேறு வேறு கம்பெனியின் இரண்டு சிம் போதும். புது சிம் வாங்கும் முன் அந்தக் கம்பெனி சிம் உள்ள அக்கம்பக்கத்தார் போனை வாங்கி, நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே ராத்திரி 7 மணிக்கு மேல் வீடியோ ஓட்டிப் பாருங்கள். எல்லோரும் போன் பார்க்கும் அந்த நேரத்தில் ஓடினால் நம்பி வாங்கலாம்.

2. கரண்ட்
ஃபைபரில் கரண்ட் வராது. வீட்டில் மின்சாரம் நின்றால் மோடமும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு காலையில் நிறுத்தினால் சாயந்தரம்தான் வருகிறது. ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. பல மோடம்களுக்கு 12 வோல்ட் வேண்டும். எதற்கும் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய் அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். கரண்ட் நெடுநேரம் இல்லையென்றால் டவரின் பேட்டரியும் தீரும் என்பதையும் மறக்கக் கூடாது.

3. போன் நம்பர்
இதைத்தான் பலர் விட்டுவிடுகிறோம். வங்கியில் கொடுத்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும். அந்த சிம் சிக்னல் இல்லாத கம்பெனியாக இருந்தால் நெட் இருந்தும் பயனில்லை. வீட்டில் நன்றாக சிக்னல் கிடைக்கும் நம்பரையே வங்கியில் கொடுங்கள். இரண்டாவது சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் போட்டுவைக்காதீர்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் அந்த நம்பரைத் துண்டித்துவிடலாம்.

நெட் போனால் உடனே செய்ய வேண்டியது

* மோடத்தைப் பாருங்கள். விளக்கே இல்லையென்றால் கரண்ட் அல்லது அடாப்டர் கோளாறு. எல்.ஓ.எஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபரில் கோளாறு. அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை. லைன்காரருக்குச் சொல்லுங்கள்.
* அறுந்து கிடக்கும் கேபிளைத் தொடவே தொடாதீர்கள். மின்கம்பியோடு உரசிக்கொண்டிருக்கலாம். மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவைக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள்.
* உங்களுக்கு நெட் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளர் அனுப்பும் பணம் உங்கள் கணக்கில் ஏறிவிடும். வங்கி எஸ்எம்எஸ் வருவதற்கு சிக்னல் மட்டும் போதும். சிறு தொகைக்குச் சில வங்கிகள் எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை. கணக்கைப் பார்த்து உறுதி செய்துகொண்டு சரக்கு அனுப்புங்கள்.
* பணம் கட்டியவர்களின் பெயர், போன் நம்பர், முகவரியை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். நெட் இல்லாத அன்று சாதாரணக் கால் போட்டு, "லைன் போயிருச்சுங்க, நாளைக்கு அனுப்பிடறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம் பேர் நிற்கும்.

செலவு எவ்வளவு செய்யலாம்?
இதற்கென்று யாரும் கடன் வாங்க வேண்டாம். ஒரு நாள் நெட் இல்லாவிட்டால் உங்கள் லாபத்தில் எவ்வளவு போகும், மாதத்தில் எத்தனை நாள் அப்படிப் போகிறது என்று கணக்குப் போடுங்கள். இரண்டாவது இணைப்பின் மாதச் செலவு அதைவிடக் குறைவாக இருந்தால் போடலாம். வாரத்துக்கு நாலைந்து ஆர்டர்தான் என்றால் இரண்டாவது சிம்மே தாராளம். அந்தப் பொள்ளாச்சி அக்காவும் ஒரு ஃபைபரை நிறுத்திவிட்டு, வேறு கம்பெனி சிம் ஒன்றும் சின்ன யுபிஎஸ் ஒன்றும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் யார் வீட்டில் எந்தக் கம்பெனி நெட்? ஒருவருக்குப் போனால் யார் வீட்டுக்குப் போய் வேலை பார்க்கலாம்?
2. நம் தெருவில் எல்லா லைனும் ஒரே கம்பத்தில் வருகிறதா? நேரில் போய் அண்ணாந்து பாருங்கள்.
3. மாதம் ஒருமுறை, கூட்ட நாளில், மோடத்தை நாமே அணைத்துவிட்டு இரண்டாவது வழி வேலை செய்கிறதா என்று சோதிக்கலாமா?

தீபாவளி ஆர்டர் குவியும் நேரத்தில் போய் முளையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. காற்று இல்லாத நாளிலேயே இரண்டாவது முளையை அடித்து வைப்போம், சகோதரிகளே.