தாத்தா ஏன் பிதற்றுகிறார்?

கேள்வி: நர்சிங் மூன்றாமாண்டு படிக்கும் என் மகள், "முதியோர் வார்டில் டயப்பர் மாற்றுவதைத் தவிர என்ன கற்றுக்கொள்ள முடியும்?" என்று சலித்துக்கொள்கிறாள். உண்மைதானா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: டயப்பர் மாற்றும்போதுதானம்மா முதுகடியில் சிவந்துவரும் படுக்கைப்புண் கண்ணில் படும்! முதியவர்களின் உடல் பாடப்புத்தகப்படி நடப்பதில்லை. சிறுநீரில் கிருமித்தொற்று தீவிரமானால் இளைஞருக்குக் காய்ச்சல் அடிக்கும். எண்பது வயதுக்காரருக்கு அது வராமலே போகலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று பிதற்றுவார், சாப்பிட மறுப்பார், தடுமாறி விழுவார். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் ஆபத்து. நேற்று எப்படி இருந்தார் என்று வீட்டாரிடம் கேட்டு, டாக்டரிடம் உடனே சொல்லும் நர்ஸ்தான் அங்கே முதல் நோயறிபவர். நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா என்று புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பதுகூடத் தளர்ந்த தோலில் ஏமாற்றிவிடும்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவு தொடங்கினார். நம் கல்லூரிகளோ மாணவிகளை இன்னும் பி.பி. பார்க்க மட்டும் முதியோர் வார்டுக்கு அனுப்புகின்றன என்பது என் வருத்தம். உங்கள் மகள் ஒரே பாட்டியை ஒரு வாரம் தொடர்ந்து கவனிக்க அனுமதி கேட்கட்டும். மாத்திரைப் பட்டியலையும் பார்க்கச் சொல்லுங்கள். பல தடுமாற்றங்களுக்குக் காரணம் அதில்தான் இருக்கும்.