குழந்தையை விலைக்குக் கேட்டு வந்தால்

2019 ஏப்ரலில் ஒரு தொலைபேசி உரையாடல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. விருப்ப ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் பச்சைக் குழந்தைக்கு லட்சக்கணக்கில் விலை சொன்னார்; பிறப்புச் சான்றிதழும் வாங்கித் தருவதாகச் சொன்னார். ராசிபுரத்தில் அவர் கைதானார். கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்து ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் கைதானார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. மலையில் பதிவான பிறப்புகளைச் சுகாதாரத் துறை சரிபார்க்க வேண்டி வந்தது.

அப்போது மலைவாழ் தாய்மார்களைப் பற்றிப் பலரும் பேசிய பேச்சு என்னை இன்னும் வருத்துகிறது. ஆனால் அந்தத் தாய்மார்களின் நிலை இதுதான்: வரிசையாகப் பெண் பிள்ளைகள், தலைக்கு மேல் கடன், விட்டுப்போன கணவன். இந்த நிலையில் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாத தாயிடம்தான் தரகர் வருகிறார். நிற்க இடம் உண்டு. கொல்லிமலையின் பைல் நாட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

பிரசவத்துக்கு முன்பே

கருவுற்றது தெரிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். மகப்பேறு உதவித்தொகைக்கு மட்டுமல்ல, பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். மருத்துவமனையில் வேறொரு பெண்ணின் பெயரில் சேரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். குழந்தை பிறந்த 21 நாளுக்குள் கட்டணமில்லாமல் பிறப்பைப் பதியலாம். தாயின் பெயரில் ஒழுங்கான பதிவு இருந்தால், அதே குழந்தைக்கு இன்னொரு பெற்றோர் பெயரில் சான்றிதழ் தயாரிப்பது கடினம்.

தரகர் வந்தால்

“புள்ள நல்ல எடத்துல வளரும், உன் கடனும் தீரும்” என்று பேச்சு தொடங்கும். ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். பெயர், தொலைபேசி எண், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 1098க்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. உடனடி ஆபத்து என்றால் 112.

ஊராட்சி அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டு; அங்கன்வாடி ஊழியரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ சொன்னால் அக்குழுவுக்குத் தகவல் போகும். ஆனால் 2019இல் பிடிபட்டவர்களில் சுகாதார நிலையத்து ஆளும் இருந்ததை மறக்க வேண்டாம். உள்ளூரில் யார்மீதாவது சந்தேகம் இருந்தால் அவர்களைத் தாண்டி நேரே 1098க்கே சொல்லுங்கள்.

வளர்க்கவே முடியாது என்றால்

இந்த இடத்தில்தான் பலரும் தடம் மாறுகிறார்கள். குழந்தையைச் சட்டப்படி ஒப்படைப்பது குற்றம் இல்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. நாமக்கல்லில் இருக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன்பு குழந்தையோடு போக வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கைக்குழந்தையோடு அலைய முடியாது என்றால், முதலில் 1098இல் சொல்லி, எங்கே, எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழு கூடாத நாளிலும் ஓர் உறுப்பினர் முன் குழந்தையைக் கொண்டுபோகலாம்.

அங்கே விசாரிப்பார்கள், ஆலோசனை சொல்வார்கள். அதன் பிறகே ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படும். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. எந்தத் தரகரும் இந்த அவகாசத்தைத் தரமாட்டார். திருமணமாகாத தாயும் ஒப்படைக்கலாம். தாயின் அடையாளம் வெளியே வராது. தாய்க்கே 18 வயது நிரம்பவில்லை என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போகும். அதற்குப் பயந்து வீட்டிலேயே பிரசவம் பார்ப்பது இரண்டு உயிருக்கும் ஆபத்து. அந்தச் சிறுமியும் குழந்தைகள் நலக் குழுவின் பாதுகாப்புக்கு உரியவளே.

பணம்தான் தடை என்றால், ஒப்படைக்கும் முன் ஒன்று கேளுங்கள். விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள் போன்றோரின் குழந்தைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டால்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அதே சட்டத்தின் 81ஆம் பிரிவு விற்பவர், வாங்குபவர் இருவரையும் குற்றவாளி என்கிறது: 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். மருத்துவமனை ஊழியர் செய்தால் 3 முதல் 7 ஆண்டு. “வெளியே சொன்னா நீதான் உள்ளே போவ” என்று தரகர் மிரட்டுவது இதை வைத்துத்தான். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பிடியுங்கள்.

15100க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு பேசலாம். பெண்களுக்கும், பழங்குடியினருக்கும், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு இந்த உரிமை இரட்டிப்பாக உண்டு. ஏமாற்றினார்களா, மிரட்டினார்களா, குழந்தை இறந்துவிட்டது என்று சொல்லி எடுத்துப் போனார்களா என்பதை எல்லாம் வழக்கறிஞரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். வழக்கில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதை அந்த விவரம்தான் தீர்மானிக்கும்.

பிறகு புகார். ஆள்கடத்தல் புகாரை, சம்பவம் நடந்த ஊர் எதுவானாலும், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். புகாரைப் பதிய மறுத்தால் அதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போனில் இருக்கும் பதிவுகளையும் பணம் வந்த விவரத்தையும் அழிக்காதீர்கள். குழந்தையை மீட்கிறேன் என்று தரகரிடம் நீங்களாகப் பேரம் பேசப் போகாதீர்கள், குழந்தையை இடம் மாற்றிவிடுவார்கள்.

மீட்கப்பட்ட குழந்தை அன்றைக்கே வீடு வராது. குழந்தைகள் நலக் குழுவின் முன்பு கொண்டுபோய், காப்பகத்தில் வைத்து, மரபணுப் பரிசோதனை வரை போகலாம். ஒவ்வொரு விசாரணைக்கும் போய்விடுங்கள்; போகாமல் இருந்தால் தாய்க்கு விருப்பமில்லை என்று நினைக்க இடமாகும். இழப்பீட்டு மனுவையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலேயே கொடுக்கலாம்.

பைல் நாட்டு ஊராட்சிக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும், ரேஷன் கடையிலும் 1098, 15100 என்ற இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாத தாய்மார்களுக்குக் கிராம சபையில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.